‘பாதிப்பு’ என்று எழுதாதீர்கள்: கணினிப் பாதுகாப்புக் குறிப்புகளில் குழப்பும் சொற்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவு அரை நாள் வேலையை நிறுத்திவிட்டது. காரணம், மெயிலில் வந்த ஒரே வரி: ‘உங்கள் பில்லிங் மென்பொருளில் பாதிப்பு உள்ளது.’ யாரோ உள்ளே புகுந்து பார்ட்டி கணக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே கணக்காளர் நினைத்தார். நடந்தது அதுவல்ல. மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அப்டேட் போட்டால் அடைபட்டுவிடும். தமிழில் பாதிப்பு என்றால் நடந்து முடிந்த சேதம். ‘மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, யாரும் புகுந்ததாகத் தெரியவில்லை, இன்றைக்கே அப்டேட் போடுங்கள்’ என்று எழுதியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். கூடவே சிவிஇ எண்ணையும் எழுதுங்கள். 1999 முதல் வெளியே தெரியவரும் ஓட்டைகளுக்கு இந்த எண்ணைக் கொடுத்து வருகிறார்கள். அதை வைத்து ஐடி ஆள் விவரத்தை உடனே தேடிவிடுவார்.

அடுத்த சிக்கல் ‘அங்கீகாரம்’. இரண்டு வேறு வேலைகளுக்கு இந்த ஒரே சொல்லைப் போடுகிறார்கள். மில் கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டையைப் பார்ப்பது ஒன்று. உள்ளே போனவர் ஸ்டோர் ரூமைத் திறக்கலாமா என்பது வேறொன்று. முதலாவதை அடையாளச் சரிபார்ப்பு என்றும் இரண்டாவதை அனுமதி என்றும் பிரித்து எழுதுங்கள். ‘அங்கீகாரம் தோல்வி’ என்று மட்டும் இருந்தால், அனுமதி இல்லாதவர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. வெப் சர்வர் தரும் 401 பிழையின் பெயரே ‘அன்ஆதரைஸ்டு’, அதாவது அனுமதி இல்லாதவர். ஆனால் அது கேட்பது ‘நீ யார்?’ என்பதைத்தான். ஆளைத் தெரிந்தும் அனுமதி இல்லை என்று மறுப்பது 403.

எனக்கு அதிகம் கவலை தருவது ‘குறியாக்கம்’. வடிவத்தை மாற்றுவது, சாவி போட்டுப் பூட்டுவது, திரும்பப் பெற முடியாதபடி சிதைப்பது ஆகிய மூன்றையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். பேஸ்64 என்ற முறை வெறும் வடிவ மாற்றம். ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றுவது போல, யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். ஏஇஎஸ் என்பது பூட்டு; சாவி இருப்பவர் திறக்கலாம். ஹாஷ் வேறு ரகம். ஈரோட்டு மஞ்சளை அரைத்துவிட்டால் பொடியிலிருந்து கிழங்கு திரும்ப வராது, இல்லையா? பாஸ்வேர்டை அப்படித்தான் வைக்க வேண்டும். நீங்கள் லாகின் செய்யும்போது தட்டுவதையும் அதே முறையில் அரைத்து, இரண்டு பொடியும் ஒன்றா என்று கணினி ஒப்பிடும். ஆகவே ‘பாஸ்வேர்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளன’ என்று மென்பொருள் விற்பவர் எழுதித் தந்தால், ‘திரும்ப எடுக்க முடியுமா?’ என்று கேளுங்கள். முடியும் என்றால் அது தவறான முறை. ஹாஷ்தான் என்றால் எந்த ஹாஷ் என்றும் கேளுங்கள். எம்டி5 என்றால் ஏற்காதீர்கள். அதன் பலவீனம் 2004இலேயே நிரூபணமாகிவிட்டது. பாஸ்வேர்டுக்கு அது மிக வேகமானதும்கூட, ஊகித்துப் பார்ப்பவனுக்கு அந்த வேகம்தான் வசதி. பீகிரிப்ட் போல வேண்டுமென்றே மெதுவாக அரைப்பவை நல்லவை.

அப்புறம், பிரவுசரில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் ‘பாதுகாப்பான தளம்’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. போலி வங்கித் தளத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசர் 2023இல் அந்தப் படத்தையே மாற்றியது.