வால்வு டாக்கில் இடப்பக்கக் கரகரப்பு: என் அனுபவம்

பழைய வால்வு டாக் ஒன்றை (லப்டொப்பின் டிஜிட்டல் பாட்டை அனலொக் ஒலியாக மாற்றும், வெற்றிடக் குழாய் வைத்த பெட்டி) விற்கப் போட்டிருந்தேன். மட்டக்களப்பில் இருந்து ஒருவர் விலை பேசிவிட்டு, ஓடவிட்டு வீடியோ அனுப்பச் சொன்னார். பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு இடப்பக்க ஒலியில் மட்டும் கரகரவென்று சத்தம்.

யூஎஸ்பி வயர், ஆர்சிஏ வயர், லப்டொப் எல்லாம் மாற்றியாயிற்று. அப்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு 6922 ரக வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். வால்வு பழுதென்றால் சத்தம் வலப்பக்கம் போக வேண்டும், போகவில்லை. கொழும்பில் இருந்து எடுப்பித்த புது வால்விலும் அதே கதை.

துப்புக் கொடுத்தது ஒரு பென்சில். வால்வின் தலையில் தட்டினால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் சத்தம் வந்து வந்து போகிறது. சரி, பிழை வால்வைச் செருகும் சொக்கெட்டில். உப்புவெளியில் கடலோர வீடு, உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? இடப்பக்கச் சொக்கெட்டின் 9 துளைகளில் இரண்டு உள்ளே கறுத்து, பிடியும் தளர்ந்து கிடந்தன.

பிளக்கைக் கழற்றி, மின்னைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர்களில் வோல்டேஜ் இறங்கிவிட்டதை மீற்றரில் பார்த்த பிறகே கைவைத்தேன். இதில் அவசரப்படக் கூடாது. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, தளர்ந்த பிடிகளைத் தையல் ஊசியால் உள்நோக்கி நெருக்கினேன். இரவு முழுக்க ஓடவிட்டும் சத்தமில்லை. அப்பாடா! பேசிய விலைக்கே போனது. புது வால்வையும் கூடவே கொடுத்துவிட்டேன்.