அட்டாக்-சீக் சோதனைக்கு உட்கருக்களைத் தயார் செய்யும் முறை

உட்கருவுக்குள் டி.என்.ஏ.வின் பெரும்பகுதி, புரதக் கட்டிகளைச் சுற்றிய நியூக்ளியோசோம் சுருள்களாக இறுகியிருக்க, மரபணுக்களை இயக்கும் புரதங்கள் வந்து அமரும் சில இடங்கள் மட்டும் திறந்திருக்கும். அவற்றைக் கண்டறிய டி.என்.ஏஸ்-சீக் முறை பத்து லட்சக்கணக்கில் செல்களைக் கேட்டது. 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேசன் புவன்ரோஸ்ட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அட்டாக்-சீக்குக்கு 50,000 செல்களே போதுமானவையாக இருந்தன. டிஎன்5 என்னும் டிரான்ஸ்போசேஸ் நொதி, திறந்திருக்கும் டி.என்.ஏ.வை வெட்டும்போதே, பின்னர் வரிசையறிய உதவும் அடாப்டர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டுகளையும் அதன் முனைகளில் ஒட்டிவிடுகிறது.

ஒருமுறை வெட்டிய நொதி மறுபடி வெட்டாது என்பதால், நொதிக்கும் உட்கருக்களுக்கும் இடையிலான விகிதம் பிசகினால் பின்னர் எந்தக் கணினி நிரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரைபன் நீலம் இட்டு, உயிருள்ள செல்களைக் குறைந்தது இருமுறை எண்ணுங்கள். இறந்த செல்களிலிருந்து கசியும் டி.என்.ஏ. நொதியை வீணாக்கிப் பின்னணி இரைச்சலைக் கூட்டும். அவை மிகுந்திருந்தால் முதலில் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி கொண்டு அந்த டி.என்.ஏ.வை அழித்து, செல்களை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

2017இல் வெளிவந்த, அட்டாக்-சீக்கின் மேம்பட்ட வடிவமான ஆம்னி-அட்டாக் முறையையே நான் பரிந்துரைப்பேன். செல் சவ்வைக் கரைக்கும் 0.1% என்.பி.40, 0.1% ட்வீன்-20, 0.01% டிஜிட்டோனின் ஆகியவை கலந்த 50 மைக்ரோலிட்டர் கரைசலில் செல்களைப் பனிக்கட்டி மேல் 3 நிமிடம் வைத்து, ட்வீன்-20 மட்டுமுள்ள 1 மில்லிலிட்டர் கரைசலால் கழுவி, 4 டிகிரியில் 500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் படியும் உட்கருக்கள் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் என்பதால், மேல்நீரை ஒரே இழுப்பில் எடுக்காமல், பெரிய பிப்பெட்டால் 900 மைக்ரோலிட்டரையும் எஞ்சியதைச் சிறிய பிப்பெட்டாலும், நுனி படிவின் மேல் படாதபடி எடுங்கள். அவசரப்பட்டால் பாதி உட்கருக்கள் குப்பைக்குப் போய், எண்ணிய எண்ணிக்கைக்கே பொருளில்லாமல் போகும். அதன்பின் நொதிக் கலவையை ஊற்றி, 37 டிகிரியில் 30 நிமிடம் குலுக்கியபடி வையுங்கள்.

வெட்டிய துண்டுகளைப் பெருக்கும் பி.சி.ஆரில் 5 சுற்றுகள் முடிந்ததும் ஒரு சிறு பகுதியில், பெருக்கத்தை அளவிடும் க்யூ.பி.சி.ஆர். செய்து, இன்னும் எத்தனை சுற்று தேவை என்று அறிந்து அத்துடன் நிறுத்துங்கள். மிகைப் பெருக்கம் ஒரே துண்டின் நகல்களையே குவிக்கும். தயாரான நூலகத்தின், அதாவது பெருக்கிய துண்டுகளின் தொகுப்பின், நீளப் பரவலில் சிறு துண்டுகளின் முகடும், அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 200 கார இணை இடைவெளியில் நியூக்ளியோசோம் முகடுகளும் படிப்படியாகத் தெரிய வேண்டும்.

இரு முனைகளிலிருந்தும் படிக்கும் முறையில் வரிசையறிந்த பிறகு, நியூக்ளியோசோம் இல்லாததால் எளிதில் வெட்டுப்படும் மைட்டோகாண்ட்ரியா துண்டுகளையும் நகல்களையும் நீக்குங்கள். நொதி டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் 9 கார இணை தள்ளித் தள்ளி வெட்டுவதால், புரதங்களின் தடங்களைத் துல்லியமாகத் தேடுவோர் நேரிழைப் படிப்புகளை +4, எதிரிழைப் படிப்புகளை -5 எனத் தள்ளிக் கணக்கிட வேண்டும்.