மும்பைய மும்பைக்காரங்க மாதிரி சுத்தணுமா, காரை விட்டுட்டு வாங்க

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யாரு வந்தாலும் கேக்கற மொத கேள்வி, "ஒரு நாளைக்கு கார் வச்சா எவ்ளோ ஆகும்?" நான் மும்பை சயான்லயே பொறந்து வளந்தவ, எல்லார்கிட்டயும் சொல்ற பதில் ஒண்ணு தான், கார் வேணாம். கார்ல போனா பாதி நாள் சிக்னல்லயே போயிரும், மீதி நாள் கேட்வே ஆஃப் இண்டியா வாசல்ல போட்டோ எடுக்கறதுல போயிரும். இந்த ஊர்ல எந்த இடத்துக்கு போறீங்கன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு போறீங்கன்னு யோசிங்க, மத்ததெல்லாம் தானா அமைஞ்சிரும்.

காலைல எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் கூட்டம் பூரா டவுன் பக்கம் போகும், டவுன்னா சர்ச்கேட், வீடி (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுங்க இருக்கற தெற்குப் பகுதி. இப்ப பேர மாத்தி சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், அதாவது சிஎஸ்எம்டின்னு போர்டு இருந்தாலும் இங்க இன்னமும் முக்காவாசி பேருக்கு அது வீடி தான். சாயங்காலம் அதே கூட்டம் அப்படியே வடக்க திரும்பும். அதனால நீங்க டவுனுக்கு பதினொண்ணுக்கு அப்புறம் போங்க, நாலரைக்குள்ள திரும்புங்க, இல்லன்னா ராத்திரி சாப்பாட்ட அங்கயே முடிச்சிட்டு ஒன்பதுக்கு மேல வாங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பறதா இருந்தா மெகா பிளாக் எந்த லைன்லன்னு முந்தின நாளே பாத்துக்கோங்க, பகல்ல நாலஞ்சு மணி நேரம் தண்டவாள வேலை நடக்கும், பல ட்ரெயின் ஓடாது.

லோக்கல் ட்ரெயின்ல ஏறதுக்கு முன்னாடி ப்ளாட்பாரத்துல தொங்கற இண்டிகேட்டர் போர்ட பாருங்க. எஃப்னா ஃபாஸ்ட், எஸ்னா ஸ்லோ. ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது, மாட்டுங்கா மாதிரி சின்ன ஸ்டேஷனுக்கு ஸ்லோ தான். அப்புறம் பெட்டி. ஃபர்ஸ்ட் கிளாஸும் செகண்ட் கிளாஸும் வெளிய இருந்து ஒரே மாதிரி தான் தெரியும், சிவப்பு மஞ்சள் சாய்வுக் கோடு போட்டிருந்தா ஃபர்ஸ்ட் கிளாஸ், பச்சைக் கோடுன்னா லேடீஸ். தெரியாம மாறி ஏறிட்டேன்னு சொன்னாலும் டிக்கெட் செக்கர் ஃபைன் போட்டுருவாரு.

ஏறது ஈஸி, இறங்கறதுக்கு தான் பழக்கம் வேணும். என் சித்தி பையன் திருநெல்வேலில இருந்து வந்தப்ப அந்தேரில ஃபாஸ்ட்ல ஏத்திவிட்டு தாதர்ல இறங்குடான்னு சொல்லிட்டு நான் லேடீஸ்ல ஏறிட்டேன், அவன் ஜன்னலோரம் போய் நல்லா காத்து வாங்கிட்டு நின்னிருக்கான், தாதர் வந்ததும் நகரப் பாத்தா இறங்கறவங்க எல்லாம் இறங்கி முடிச்சு ஏறவங்க தள்ள ஆரம்பிச்சாச்சு, பாவம் மும்பை சென்ட்ரல் போய் இறங்கி திரும்பி வந்தான். அதனால ஒரு ஸ்டேஷனுக்கு முன்னாடியே, அதாவது பாந்த்ரா தாண்டினதுமே, கதவு பக்கம் நகருங்க. முன்னாடி நிக்கறவர் தோள மெதுவா தொட்டு "தாதர் உத்ரேங்கே க்யா?"ன்னு கேளுங்க, ஆமான்னா அவர் பின்னாடியே நில்லுங்க, இல்லன்னா அவரே ஒதுங்கி வழி விடுவாரு. எந்தப் பக்கம் ப்ளாட்பாரம் வரும்னும் கேட்டுக்கோங்க. பை முதுகுல இருக்கக் கூடாது, நெஞ்சுப் பக்கம் மாட்டுங்க. உக்காரணும்னா உக்காந்திருக்கறவங்க கிட்ட எங்க இறங்குவீங்கன்னு கேட்டு வச்சுட்டா அந்த சீட் உங்களுக்கு தான், வேற யாரும் உக்கார மாட்டாங்க, இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல, ஆனா எல்லாரும் மதிக்கறாங்க. எனக்கு இந்த ஊர் மேல பாசம் வந்ததே லேடீஸ் பெட்டிலதான், பூ கட்டறவங்க, கீரை ஆயறவங்க, கண்ண மூடி ஸ்லோகம் சொல்றவங்கன்னு ஒரு வீடு மாதிரியே இருக்கும்.

முதல் நாள் காலைல மாட்டுங்காவுக்கு வாங்க. ஒண்ணு கவனிங்க, சென்ட்ரல் லைன்ல இருக்கறது மாட்டுங்கா, வெஸ்டர்ன்ல இருக்கறது மாட்டுங்கா ரோடு, ரெண்டும் வேற வேற ஸ்டேஷன், நமக்கு வேண்டியது சென்ட்ரல். 2017ல இருந்து முழுக்க பெண்களே நடத்தற ஸ்டேஷன் அது, எனக்கு அதுல தனி பெருமை. ஆஸ்திக சமாஜம் கோயில், வாசல்ல பூக்கடை, பக்கத்துல வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, வாழையிலை எல்லாம் விக்கற கடைங்க, தமிழ்லயே பேரம் பேசலாம். டிஃபனுக்கு கஃபே மெட்ராஸ், ராமாஸ்ரயா மாதிரி பழைய கடைங்க. கூட்ட நேரத்துல தெரியாதவங்க கூட ஒரே டேபிள்ல உக்கார வைப்பாங்க, சங்கடப்படாதீங்க, எதிர்ல உக்காந்திருக்கறவர் எதை விரும்பி சாப்பிடறாருன்னு பாத்து அதையே சொல்லுங்க. சாப்பிட்டதும் எழுந்திருங்க, வெளிய ஆளுங்க நிப்பாங்க.

அங்க இருந்து ஒரே ஸ்டேஷன் சயான், மேற்கு பக்கம் இறங்கி நடந்தா தாராவி. விடிகாலைல சைக்கிள்ல ஹாரன் அடிச்சுகிட்டு மும்பை பூரா இட்லி விக்கறாங்களே, அவங்கள்ல நிறைய பேர் இங்க இருந்து கிளம்பற நம்ம ஆளுங்க தான். 90 ஃபீட் ரோட்டுல நடந்தா தமிழ் போர்டு, தோல் பை கடை, நம்ம ஊர் கோயில் எல்லாம் வரும், கும்பார்வாடால குஜராத்ல இருந்து வந்த குயவர் குடும்பங்க பானை செய்யறத பாக்கலாம், கவுத்து வச்ச கூடை மேல அப்பளம் காயறதயும் பாக்கலாம். ஆனா தயவு செஞ்சு கேக்காம போட்டோ எடுக்காதீங்க. அது அவங்க வீடு, அவங்க பொழப்பு. அகல் விளக்கு ரெண்டு வாங்குங்க, பேச்சு தானா வரும்.

ஆட்டோ சயான், மாஹிம் வரைக்கும் தான், அதுக்கு தெக்க வராது, அங்க கறுப்பு மஞ்சள் டாக்ஸி இல்லன்னா 'பெஸ்ட்'னு பேர் போட்ட ஊர் பஸ். நிறைய பஸ்ல முன்னாடி நம்பர் தேவநாகரில தான் இருக்கும், அதனால ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் அந்த எழுத்த போன்ல சேவ் பண்ணிக்கோங்க, ரொம்ப உதவும்.

டவுன்ல எதுவும் அவசரமா பாக்க வேணாம். பதினொன்றரை வாக்குல சர்ச்கேட் ஸ்டேஷன் வெளிய நின்னா வீட்டு சாப்பாட்ட ஆபீசுக்கு கொண்டு போய் குடுக்கற டப்பாவாலாங்க டிஃபன் பாக்ஸ்கள ஏரியா வாரியா பிரிக்கறத பாக்கலாம், நடுவுல நிக்காம ஓரமா நின்னு பாருங்க, அவங்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். மத்தியானம் கியானில பன் மஸ்காவும் இரானி சாயும், 1904ல இருந்து நடக்கற கடை. ராத்திரி மரைன் டிரைவ்ல கடலப் பாத்து உக்காந்துட்டீங்கன்னா எழுந்திருக்க மனசே வராது, நல்லா உக்காருங்க, ஆனா ட்ரெயின் ராத்திரி ஒரு மணி வாக்குல நின்னுடும், அப்புறம் நாலு மணிக்கு மேல தான், அதனால பன்னிரண்டுக்கே சர்ச்கேட் பக்கம் நடக்க ஆரம்பிச்சிடுங்க.