சிப்பைக் கடைசியில் வாங்குங்கள்: உடம்பில் கட்டும் சென்சார் ஆய்வைப் பல கல்லூரிகள் சேர்ந்து செய்ய

புதுச்சேரிப் பக்கம் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சர்க்யூட் தெரிந்தவர், நாடி தெரிந்தவர், ஊர் தெரிந்தவர் எல்லாரும் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் கூட்டு ஆய்வு என்றால் முதல் கூட்டத்திலேயே எந்தச் சிப் வாங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியனாக இருக்கும் நானே சொல்கிறேன், அதைக் கடைசியில் வாங்குங்கள்.

முதலில் சென்சாரைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்களுக்கு வெயில் நேரத்தில் நாடித் துடிப்பு எப்படி மாறுகிறது என்பது உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மணிக்கட்டுப் பட்டையை நினைத்திருப்பீர்கள். அங்கே மணிக்கட்டில் வளையல், தண்ணீர், செதில். சரி, விரலில் மாட்டலாமா? ஐஸுக்குள் கை போனால் விரலின் ரத்தநாளம் சுருங்கிவிடும், சிக்னல் மெலிந்துவிடும். மேக்ஸ் 30102 போன்ற சென்சார் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. செதில் உரசும் கை ஒரே தாளத்தில் போய்வந்தால் அந்தத் தாளத்தையே இதயத் துடிப்பு என்று காட்டிவிடும். நேர்வெயில் உள்ளே கசிந்தால் இன்னொரு குழப்பம்.

அதனால் மேற்கையில், ஜாக்கெட் கைக்குள் மறையும்படி, கறுப்புத் துணிப் பட்டையில் வையுங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும், தளர்த்தினால் ஒளி புகும். இந்த அளவு எஞ்சினியரை விட டெய்லருக்கு நன்றாகத் தெரியும். தையற்கூலியைப் பட்ஜெட்டில் தனி வரியாகவே போடுங்கள். பக்கத்தில் எம்பியூ 6050 என்ற அசைவு சென்சாரை வைத்து அசைவையும் பதிய வேண்டும். எது கை, எது இதயம் என்று பின்னால் பிரிக்க அதுதான் உதவும். ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பெரும்பாலான வாட்ச்கள் கணக்குப் போட்டு முடித்த எண்ணைத்தான் தரும், கச்சா அலையைத் தராது.

வெயிலையும் அங்கேயே அளக்க வேண்டும். பேப்பரில் வரும் வெப்பநிலை போதாது. ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) அளவில் 0.7 பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியில் 0.2, சாதாரண வெப்பமானியில் 0.1 என்று கூட்டி வருவதுதான் வெயிலில் நிற்கும் உடம்புக்குப் பொருந்தும் கணக்கு.

அடுத்தது நேரம், கூட்டு ஆய்வுகள் அதிகம் சொதப்பும் இடம். பட்டைக்குள் நேரம் காட்டும் கடிகாரக் கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகினால் ஒரு நாளில் 1.7 வினாடி விலகும். சராசரி துடிப்புக்கு அது ஒன்றுமில்லை. மருத்துவர்களின் ஹோல்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவி) பதிவோடு துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிடும்போது இரண்டு துடிப்பு தள்ளி நிற்கும். டிஎஸ் 3231 கடிகாரச் சிப் போட்டால் விலகல் வெகுவாகக் குறையும். அதோடு காலையிலும் வேலை முடிந்ததும் எல்லாப் பட்டைகளையும் ஒன்றாகப் பிடித்து மூன்று முறை உதறி, அதே நொடியில் ஹோல்டரின் பட்டனை அழுத்துங்கள். அந்த உதறல் எல்லாப் பட்டைகளின் கோப்பிலும், பட்டன் குறி ஹோல்டர் கோப்பிலும் தெரியும், அதை வைத்து நேரத்தைப் பொருத்திவிடலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் யார் கையிலும் எதையும் கட்டாதீர்கள். பின்தேதியிட்டு வாங்க முடியாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைக்கும்போது சார்பில்லாத, படித்த சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். படகு உரிமையாளரைச் சாட்சியாக வைக்காதீர்கள். அவர் எதிரே யார் 'வேண்டாம்' என்பார்கள்? வேலை கெடும் நேரத்துக்குக் கொடுக்கும் தொகையையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கல்லூரிகளுக்குள் ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்: கச்சாப் பதிவு யார் சர்வரில், பெயர்ப் பட்டியல் தனியாக யாரிடம், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதையே முதலில் கேளுங்கள்.

முடிவைத் தமிழில் ஒரு தாளில் அடித்து, அந்தப் பெண்களிடமும் கொடுங்கள். மீன் ஏலம் நடக்கும்போது போகாதீர்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.