ஃப்ரீபிபிஎக்ஸ் சர்வரைக் காப்புநகல் எடுத்து வேறொரு சர்வரில் மீட்டெடுப்பது எப்படி?

ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளின் மேல், அதைத் திரைவழியே நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்து அலுவலகத் தொலைபேசிகளை நடத்துபவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு எண்) உருவாக்குவது, டிரங்க் (சேவை வழங்குநருக்கான வெளி இணைப்பு) அமைப்பது, எஸ்எஸ்எச் (மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு) வழியாகச் சர்வருக்குள் நுழைவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். இப்போது இந்த வேலைக்கு ஒரு கட்டாயமும் வந்திருக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸ் 14 முதல் 16 வரையிலான ஆயத்த நிறுவல்களுக்கு அடித்தளமாக இருந்த சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. 17ஆம் பதிப்போ டெபியன் 12-இன் மேல் ஓடுகிறது. எனவே பழைய சர்வரை இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதற்குப் பதிலாக, அதிலிருந்து காப்புநகல் எடுத்துப் புதிய சர்வரில் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

காப்புநகல் எடுப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. மீட்டெடுக்கும்போதுதான் இரண்டு வகையான தொல்லைகள் வருகின்றன: பழைய சர்வருக்கே உரிய சில விவரங்கள் கூடவே வந்துவிடுகின்றன, புதிய சர்வருக்குத் தேவையான சில விவரங்கள் வராமலே போகின்றன. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: எவை எங்கே இருக்கின்றன?

திரையில் நீங்கள் செய்யும் அமைப்புகள் எல்லாம் மரியாடிபி தரவுத்தளத்தில், ‘ஆஸ்டெரிஸ்க்’ என்ற பெயரிலேயே உள்ள தளத்தில் சேமிக்கப்படுகின்றன. அழைப்பு விவரப் பதிவுகளுக்கு ‘ஆஸ்டெரிஸ்க்சிடிஆர்டிபி’ என்ற தனித் தளம் இருக்கிறது. ‘ஈடிசி’ கோப்புறைக்குள் உள்ள ஆஸ்டெரிஸ்க் கோப்புறையில் இருக்கும் அமைவுக் கோப்புகளில் பெரும்பாலானவை இந்தத் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் மீண்டும் எழுதப்படுபவை. நீங்கள் கையால் எழுதியவை ‘கஸ்டம்’ என்று முடியும் கோப்புகளில் மட்டுமே தங்கும். வாய்ஸ்மெயில்களும் உரையாடல் பதிவுகளும் ‘வார்’ கோப்புறைக்குள் ‘ஸ்பூல்’ பகுதியில் இருக்கின்றன.

கையால் காப்புநகல் எடுப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஆஸ்டெரிஸ்கின் உள் தரவுத்தளத்தை. ‘ஆஸ்ட்டிபி’ என்று அழைக்கப்படும் இது ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பு. யாருடைய அழைப்பு யாருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது, யார் தொந்தரவு வேண்டாம் என்று வைத்திருக்கிறார், இரவு நேர முறை இயக்கத்தில் இருக்கிறதா என்பன போன்ற நடப்பு நிலைகள் இதில்தான் இருக்கின்றன. இதை விட்டுவிட்டால் மீட்டெடுத்த சர்வர் பார்வைக்கு முழுமையாகத் தெரியும். ஆனால் மேலாளர் தன் கைபேசிக்குத் திருப்பி வைத்திருந்த அழைப்பு அவருடைய காலி மேசையில் மணியடித்துக்கொண்டிருக்கும்.

படி 2: காப்புப் பணியை அமைத்தல்

நிர்வாகப் பட்டியலில் உள்ள ‘பேக்கப் அண்ட் ரெஸ்டோர்’ மாட்யூலை (மென்பொருள் கூறு) திறந்து, புதிய பணி ஒன்றை உருவாக்கி, எல்லா மாட்யூல்களையும் தேர்ந்தெடுத்து, இரவில் அழைப்புகள் இல்லாத நேரத்தில் ஓடுமாறு அட்டவணை இடுங்கள். பழைய நகல்களில் எத்தனையை வைத்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறிப்பிடலாம். அதைக் குறிப்பிடாமல் விட்டால் வட்டு நிறைந்து, ஒரு நாள் சர்வரே தடுமாறும்.

உரையாடல் பதிவுகளை இந்தப் பணியில் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவிலான சாதாரண வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 58 மெகாபைட் ஆகிறது. பத்துப் பேர் நாள்தோறும் சில மணி நேரம் பேசும் அலுவலகத்தில், ஓராண்டுப் பதிவுகளை ஒவ்வொரு இரவும் ஒரே பெரிய கோப்பாகச் சுருட்டுவதில் பொருளில்லை. அமைப்புகளின் நகல் சிறியதாகவும் விரைவில் மீட்கக்கூடியதாகவும் இருக்கட்டும். பதிவுகளை ஆர்சிங்க் அல்லது ரெஸ்டிக் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு தனியாக நகர்த்துங்கள். அவை புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டுமே அனுப்பும்.

படி 3: நகலைச் சர்வருக்கு வெளியே அனுப்புதல்

அதே சர்வரில் இருக்கும் நகல் வட்டு பழுதானால் உதவாது. ‘ஃபைல்ஸ்டோர்’ மாட்யூலில் எஃப்டிபி, எஸ்எஸ்எச், எஸ்3 (அமேசானின் கிளவுட் சேமிப்பகம்) எனப் பல வழிகள் உண்டு. நான் எஸ்எஸ்எச் வழியைத்தான் பயன்படுத்துகிறேன். எஃப்டிபியில் கடவுச்சொல்லும் கோப்பும் மறையாக்கம் இல்லாமலே பயணிக்கின்றன, மேலும் இந்தக் காப்புநகலுக்குள் உங்கள் எக்ஸ்டென்ஷன்களின் கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடிய வடிவிலேயே இருக்கின்றன. அது வேறொருவர் கையில் கிடைத்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கத் தொடங்கிவிடும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே சேமிக்கிறது என்பதால் எனக்கு அதன்மீது கூடுதல் விருப்பம். ஆனால் அதன் கடவுச்சொல்லைத் தொலைத்தால் நகலும் தொலைந்ததுதான். ஆகவே அந்தக் கடவுச்சொல்லை இந்தச் சர்வரில் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

படி 4: புதிய சர்வரைத் தயார்செய்து, தனிமைப்படுத்துதல்

புதிய சர்வரில் ஃப்ரீபிபிஎக்ஸை நிறுவி, மாட்யூல்கள் அனைத்தையும் அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பழைய சர்வரின் பதிப்பைவிடப் புதியதன் பதிப்பு குறைவாக இருக்கக் கூடாது. பழையதில் நீங்கள் பயன்படுத்திய மாட்யூல் புதியதில் நிறுவப்படாமல் இருந்தால், அதன் தரவு போய்ச் சேர இடம் இருக்காது என்பதால் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்து, மீட்டெடுக்கும் முன்பே புதிய சர்வரிலிருந்து உங்கள் சேவை வழங்குநரை நோக்கிச் செல்லும் சிப் (அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறை) போக்குவரத்தை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். மீட்டெடுப்பு முடிந்த நொடியில் புதிய சர்வர் அதே டிரங்க் கணக்கோடும் கடவுச்சொல்லோடும் வழங்குநரிடம் பதிவுசெய்துகொள்ளும். பழைய சர்வரும் இயங்கிக்கொண்டிருந்தால், உள்வரும் அழைப்புகள் கடைசியாகப் பதிவுசெய்த சர்வருக்குப் போகலாம். அங்கே ஒரு தொலைபேசியும் இணைந்திருக்காது. வாடிக்கையாளருக்கு மணி ஒலிக்காமலே அழைப்பு துண்டிக்கப்படும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கோ இன்று ஏன் யாருமே அழைக்கவில்லை என்று மட்டும் தோன்றும். இன்னொன்று: காப்புப் பணியின் அட்டவணையும் சேர்ந்து மீண்டிருந்தால், சோதனைச் சர்வர் அன்றிரவே தன் நகலை உண்மையான நகல்கள் இருக்கும் அதே இடத்துக்கு அனுப்பத் தொடங்கும். சோதனைச் சர்வரில் அந்தப் பணியை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள்.

படி 5: மீட்டெடுத்தல்

நகல் கோப்பை மாட்யூலின் ‘ரெஸ்டோர்’ பகுதியில் ஏற்றி மீட்டெடுக்கலாம். கோப்பு பெரியதாக இருந்தால் உலாவி பாதியில் நின்றுவிடும். அப்போது கோப்பைச் சர்வரில் வைத்துவிட்டு ‘எஃப்டபிள்யூகன்சோல்’ கட்டளையின் ‘பேக்கப்’ பிரிவில் மீட்டெடுப்புத் தெரிவைப் பயன்படுத்துங்கள். எனக்குக் கட்டளை வழியே பிடிக்கும். எந்த மாட்யூலில் நின்றது என்று கண்முன்னே தெரிகிறது.

பதிவுகளையும் வாய்ஸ்மெயிலையும் ரூட் (முழு அதிகாரம் கொண்ட) பயனராக நகர்த்தியிருந்தால், அவற்றின் உரிமை ரூட்டிடமே தங்கிவிடும். ஆஸ்டெரிஸ்க் பயனரால் அங்கே எழுத முடியாது. உரிமையைச் சரிசெய்யும் ‘எஃப்டபிள்யூகன்சோல் சௌன்’ கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும். தரவுத்தளத்தைக் கையால் மீட்டெடுப்பவர்கள், ‘ஈடிசி’ கோப்புறையில் உள்ள ஃப்ரீபிபிஎக்ஸ் அமைவுக் கோப்பைப் பழையதிலிருந்து நகலெடுத்து மேலெழுதக் கூடாது. புதிய தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதில் இருக்கிறது.

படி 6: வெளி முகவரியை மாற்றுதல்

எனக்கு மிகுதியான நேரம் பிடித்தது இந்தப் படியில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மீட்டெடுப்பு பிழையின்றி முடிந்திருக்கும். உள் அழைப்புகள் நன்றாக இருக்கும். *43 அழுத்தி எதிரொலிச் சோதனை செய்தால் உங்கள் குரல் தெளிவாகத் திரும்பி வரும். வெளியே அழைத்தால் மட்டும், நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது நமக்குக் கேட்காது.

அழைப்பை ஏற்படுத்தும் சிப் செய்திகள் ஒரு வழியிலும், குரல் வேறொரு வழியிலும் பயணிக்கின்றன. குரல் பொதுவாக 10000 முதல் 20000 வரையிலான யுடிபி போர்ட்களில் வருகிறது. ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று நம் சர்வர் சிப் செய்திக்குள் எழுதி அனுப்பும். அந்த முகவரி ‘ஆஸ்டெரிஸ்க் சிப் செட்டிங்ஸ்’ பகுதியில் இருக்கும் வெளி முகவரி. அது காப்புநகலோடு சேர்ந்து பழைய சர்வரிலிருந்து வந்துவிட்டது. எதிர்முனை நாம் சொன்னபடியே பழைய முகவரிக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் குரல் அவர்களுடைய முகவரிக்குச் செல்வதால் அதில் தடையில்லை.

எனவே அந்தப் பக்கத்தைத் திறந்து, முகவரியைக் கண்டறியும் பொத்தானை அழுத்தி, வெளி முகவரியும் உள் வலையமைப்புகளும் புதிய சர்வருக்கு உரியவையா என்று பார்த்து, சேமித்து, மாற்றங்களைச் செயல்படுத்துங்கள். இத்துடன் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் ஆகாது. ஆஸ்டெரிஸ்கின் சிப் இயக்கியான பிஜேசிப்பில் இந்த முகவரி ‘டிரான்ஸ்போர்ட்’ எனப்படும் பகுதியில் அமர்ந்திருக்கிறது. அந்தப் பகுதி இயல்பு நிலையில் மறுஏற்றத்தின்போது புதுப்பிக்கப்படுவதில்லை. திரையில் புதிய முகவரி தெரியும், மாற்றங்களைச் செயல்படுத்தும் சிவப்புப் பொத்தானும் மறைந்துவிடும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்டெரிஸ்க் மட்டும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். ‘எஃப்டபிள்யூகன்சோல் ரீஸ்டார்ட்’ கொடுத்து ஆஸ்டெரிஸ்கை முழுவதுமாக மறுதொடக்கம் செய்த பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

உறுதிசெய்துகொள்ள, ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ கொடுத்து ஒரு வெளி அழைப்பைச் செய்யுங்கள். (படி 4இல் போட்ட தடை இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பழைய சர்வரை நிறுத்திவிட்டு அதை நீக்கிக்கொள்ளுங்கள்.) நாம் அனுப்பும் செய்தியில் ‘சி=’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள்; அதில் இருக்கும் முகவரிக்குத்தான் குரல் வரப்போகிறது. சில வழங்குநர்கள் இந்த வரியைப் பொருட்படுத்தாமல், நம் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். அத்தகையவரிடம் இருக்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது. வழங்குநரை மாற்றும் நாளில் தெரியும்.

படி 7: காப்புநகலில் வராதவை

முதலாவது நேர மண்டலம். அது இயங்குதளத்தின் அமைப்பு. ஃப்ரீபிபிஎக்ஸ் காப்புநகலில் வருவதை நம்பக் கூடாது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) தொடங்கும் என்பதால், அலுவலக நேரத்தில் அழைப்பவர்களுக்கு ‘அலுவலகம் மூடப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு ஒலிக்கும். *60 அழுத்தினால் சர்வர் தன் நேரத்தை வாய்விட்டுச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டால் போதும்.

ஃபயர்வால் விதிகளையும் மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பையும் சரிபாருங்கள். வணிக மாட்யூல்களின் உரிமம் குறிப்பிட்ட வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதைப் புதிய சர்வருக்கு மாற்றித்தரும் வேலையை இடமாற்ற நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

படி 8: தொலைபேசிகளைத் திருப்புதல்

தொலைபேசிகளில் சர்வரின் ஐபி முகவரியை நேரடியாக எழுதியிருந்தால், ஒவ்வொன்றையும் தொட வேண்டியிருக்கும். இந்த வாய்ப்பிலேயே ஒரு டொமைன் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை டிஎன்எஸ் பதிவை மட்டும் திருத்தினால் போதும். இடமாற்றத்துக்கு முந்தைய நாளே அந்தப் பதிவின் டிடிஎல் அளவை (பழைய பதிவை மற்றவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஐந்து நிமிடங்களுக்குக் குறைத்து வையுங்கள்.

பின்சேர்க்கை 1: இதை வாசித்துச் செய்துபார்த்த ஒருவர், தொலைபேசிகள் எல்லாம் முதலில் இணைந்து, சிறிது நேரத்தில் ஒட்டுமொத்தமாக விழுந்துவிட்டன என்று எழுதியிருந்தார். காரணம், தவறான கடவுச்சொல் முயற்சிகள் வரும் முகவரிகளைத் தடைசெய்யும் ஃபெயில்2பேன். கிளவுடில் இருக்கும் சர்வரின் பார்வையில் ஓர் அலுவலகத்தின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியிலிருந்து வருகின்றன. அவற்றில் ஏதோ ஒன்று தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயன்றால், அந்த முகவரியே தடைசெய்யப்படும். சரியான கடவுச்சொல் உள்ளவையும் சேர்ந்து வெளியே நிற்கும். தொலைபேசிகளைத் திருப்பும் முன்பே அலுவலகத்தின் பொது முகவரியை நம்பத்தக்கவை பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பழைய சர்வரில் எக்ஸ்டென்ஷன்கள் சான்சிப் (ஆஸ்டெரிஸ்கின் பழைய சிப் இயக்கி) வகையில் இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சான்சிப் ஆஸ்டெரிஸ்க் 21இல் முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அப்படியே மீட்டெடுத்தால் அவை வேலை செய்யாது. மீட்டெடுக்கும் கட்டளையிலேயே அவற்றைப் பிஜேசிப் வகைக்கு மாற்றும் தெரிவு உண்டு. மாற்றிய பிறகு தொலைபேசிகளில் போர்ட் எண்ணையும் பாருங்கள்: இரண்டு வகைகளும் சேர்ந்து ஓடிய நிறுவல்களில் சான்சிப் பொதுவாக 5160இலும் பிஜேசிப் 5060இலும் இருந்திருக்கும். தொலைபேசி இன்னும் 5160ஐத் தட்டிக்கொண்டிருந்தால் அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.