டம்ப் சரியுமா என்று பார்க்க: முதலில் அடித்தரை, அப்புறம் கணக்கு

நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டி ஒரு பக்கமாகக் கொட்டி வைக்கிறார்களே, சுரங்கத்தில் ஓபி டம்ப் என்பார்கள், அது நிற்குமா சரியுமா என்று பார்க்கச் சொன்னால் புதிதாக வந்த பொறியாளர் நேராகப் போய் கணினியைத் திறப்பார். வேண்டாம். முதலில் பழைய வரைபடத்தைத் தேடுங்கள். குவியல் வருவதற்கு முன் அங்கே ஓடை ஓடியதா, ஊற்று இருந்ததா, குளமா, கரிசல் காடா?

வேல்ஸில் அபர்ஃபான் ஊருக்கு மேலே 7-ஆம் எண் குவியலை 1958-இல் ஊற்றுகளின் மேலேயே கொட்ட ஆரம்பித்தார்கள், அந்த ஊற்றுகள் அச்சிட்ட வரைபடத்தில் அப்போதே இருந்தன. 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதே கால் மணிவாக்கில் அது குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 குழந்தைகள். அதே மலையில் 4-ஆம் எண் குவியல் 1944-லேயே சரிந்திருந்தது. ஆகவே பக்கத்துக் குவியல் எதுவும் முன்பு சரிந்ததா என்றும் பழைய ஆட்களிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, இனி நடை. மழை விட்ட மறுநாள் போங்கள், வெயிலில் எல்லா டம்பும் நல்ல பிள்ளைதான். தனியாகப் போகாதீர்கள், விளிம்பில் நிற்காதீர்கள். அடிவாரத்தில் தரை உப்பியிருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா, கசிவு தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்று பாருங்கள் (கலங்கல் என்றால் உள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்). கோடையிலும் அங்கே கோரை பச்சையாக நின்றால் அடியில் ஈரம் நிரந்தரம். அப்புறம் உச்சி. விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடினால் இரண்டு பக்கமும் ஒரு கம்பி அடித்து, டேப்பால் அளந்து, தேதியும் மணியும் போட்டு எழுதுங்கள், தினமும் ஒரே ஆள் அளந்தால் நல்லது. அபர்ஃபானில் அன்று காலை ஏழரை மணிக்கு மேலே போனவர்கள் உச்சி 3 மீட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள்.

மாதிரி எடுக்கும்போது ஒரு சின்ன வேலை. களிப்பாறைத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் அது சேறாகக் கிடந்தால், இன்று கல்லாகத் தெரிகிற டம்ப் நாலு மழைக்காலம் கழித்து மண்ணாக இருக்கும். உராய்வுக் கோணத்தை (துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்து நிற்கும் பலத்தைக் கோணமாகச் சொல்வது) அந்த நிலைக்கு எடுங்கள், புதுக் கல்லுக்கு அல்ல.

கணக்கு அதற்குப் பிறகு. பிணைப்பே இல்லாத தளர்ந்த பொருளுக்குக் காகிதமே போதும்: உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைச் சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி, அது ஒன்றுக்குக் கீழே போனால் சரியும். 36 பாகை உராய்வு, 30 பாகை சரிவு என்றால் 1.26 வரும். அதே சரிவில் தண்ணீர் மேற்பரப்பு வரை நிரம்பிச் சரிவோடு இணையாக ஓடினால் அது ஏறக்குறைய பாதியாகி 0.64-க்கு வந்துவிடும், அதாவது சரிந்தே தீரும். கோணம் மாறவில்லை, கல் மாறவில்லை, தண்ணீர் மட்டும்தான். அதனால் பீசோமீட்டர் குழாய் இறக்கி நீர்மட்டம் பார்க்காமல் போடுகிற கணக்கை நான் நம்புவதில்லை. பொதுவாகக் கேட்பது 1.3 முதல் 1.5 வரை, கீழே ஆட்களோ வீடுகளோ இருந்தால் 1.5-க்குக் குறைய விடாதீர்கள்.

மென்பொருளில் பிஷப் முறையில் (குவியல் வட்ட வில்லாக உடையும் என்று வைத்துப் போடும் கணக்கு) வட்டம் வட்டமாக ஓட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அடித்தரையில் மெல்லிய களிமண் அடுக்கு இருந்தால் குவியல் வட்டமாக உடையாது, பாயில் வைத்து இழுத்ததுபோல் அடுக்கின்மேல் மொத்தமாக நகரும், அந்தப் பாதையைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜார்க்கண்டின் ராஜ்மஹால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 இரவு டம்ப் நின்ற தரையே, சுமார் 300 மீட்டர் நீளம் 110 மீட்டர் அகலத்துக்கு, கீழே இறங்கியது. 23 பேர் போனார்கள். படிக்கு 30 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, மொத்தச் சரிவு உயரம் ஒன்றுக்குக் கிடை ஒன்றரை, அதாவது சுமார் 34 பாகை, அதைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் நம் நாட்டு விதி சொல்வது சரிதான், ஆனால் அது அடித்தரை கெட்டியாக இருந்தால்தான் காப்பாற்றும்.

கடைசியாக அந்தக் கம்பி அளவு. ரேடார் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் டேப் போதும். ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறதோ அதைத் தலைகீழாக்கி (ஒன்றை அதனால் வகுத்து) நாள்வாரியாக வரைதாளில் புள்ளி வையுங்கள். 2, 2.5, 3.3, 5 என்று கூடினால் தலைகீழில் 0.5, 0.4, 0.3, 0.2. கோட்டை நீட்டினால் இன்னும் இரண்டே நாளில் பூஜ்யம், அதுதான் சரிவு வரும் நாள். ஆட்களையும் டம்பரையும் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், மீட்டிங் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.