கனடாக் குளிரில் மணக்கும் ரோஜா: குச்சி நட்டு வளர்க்கும் முறை

கனடாவில் கடையில் வாங்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். கடுங்குளிரில் ஒட்டுக்கு மேலே உள்ளது செத்துப்போனால், வசந்தத்தில் அடியிலிருக்கும் வேர்ச்செடிதான் தழைக்கும். ஆசையாக வாங்கிய வாசனை ரகம் போய், வேர்ச்செடியாகப் பயன்படும் டாக்டர் ஹூயி ரகம் மாதிரி ஏதோ ஒரு சிவப்புப் பூ பூக்கும். குச்சியில் வேர்விட்ட செடியோ, மேலே முழுக்கக் கருகினாலும் வேர் பிழைத்திருந்தால் அதே ரகமாக எழும்.

ரகத்தில் தவறினால் மற்ற பாடெல்லாம் வீண். கிராம்பு வாசனையுள்ள ஹான்சா, அல்பெர்ட்டாவில் உருவான தெரேஸ் புன்யே இரண்டும் நன்றாகக் குளிர் தாங்கும். சொந்த வேரில் நிற்கும் ஹான்சா பக்கத்திலிருந்தால் குச்சியே வேண்டாம். பக்கக் கன்றை வேரோடு வெட்டியெடுத்து நடலாம். உருவாக்கியவரின் உரிமைக்காலம் முடியாத புது ரகங்களை விற்பனைக்குப் பெருக்க அனுமதி வேண்டும்.

குச்சி எடுக்க ஏற்ற காலம், முதல் பூ உதிர்ந்த ஜூன் கடைசி, ஜூலை. பூத்து முடிந்த கிளையில் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பளிச்சென்று ஒடிந்தால் பருவம் சரி. பென்சில் கனத்தில் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள் இருக்கட்டும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அடியில் ஒரு பக்கம் 2 செ.மீ. தோலை மெல்லச் சீவி, வேர் ஊக்கிப் பவுடரில் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். பீட் மாஸும் (மக்கிய பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) சரிபாதி கலந்த தொட்டியில் முதலில் குழியிட்டு, பிறகே குச்சியை இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் பவுடர் வழிந்துவிடும். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் ஆகாது. 20–24 டிகிரியில் நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

அடி கறுத்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. அந்தக் குச்சியைத் தூக்கியெறியுங்கள். துளிர் வந்ததும் வேரும் வந்துவிட்டதென்று நினைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர் வரும். லேசாக இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். அதன்பின் மூடியை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள்.

இங்கே வேர் வருவதைவிட முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். ஆகஸ்ட் நடுவோடு உரத்தை நிறுத்துங்கள். தாமதமாக வரும் இளந்தளிர் முற்றாமலே உறைந்துவிடும். இலையுதிர்காலத்தில் தரையில் நட வேண்டாம். வேர் ஆழம் போகாத கன்றை, உறைந்து இளகும் மண் மேலே தள்ளிவிடும். இலை உதிர்ந்தபின் தொட்டியைச் சூடேற்றாத, ஆனால் கடுமையாக உறையாத கராஜில் வைக்கலாம். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் நல்லது. மாதம் ஒருமுறை மண் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் சிறிது தண்ணீர். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் செடி உறங்காமல் மெலிந்து துளிர்த்து நோஞ்சானாகும்.

வசந்தத்தில் உறைபனி அபாயம் நீங்கியபின் தரைக்கு மாற்றுங்கள். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் உறைபனி தொடங்கியதும் அடியில் 25–30 செ.மீ. உயரம் மண் அணைக்க வேண்டும். அடுத்த வசந்தத்தில் தண்டு காய்ந்து தெரிந்தாலும் ஜூன் நடுவரை பிடுங்காதீர்கள். முனையிலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டே கீழிறங்கி, பச்சை தெரியும் இடத்துக்கு மேலே வெட்டினால் போதும்.